மனிதக் கை படாத குடிநீர்

நேசபாய் தன் இருபத்திரண்டு வருட நகராட்சி உத்தியோகத்தில் செய்த ஒரே குற்றம், ஒரு கேனை நன்றாகக் கழுவியதுதான்.

ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கழுவினாள். சோப்புத் தூள் போட்டு ஒன்று, வெந்நீர் ஊற்றி ஒன்று, சோப்பு வாசம் போக வெறும் தண்ணீரில் ஒன்று. பத்து லிட்டர் பிடிக்கும் வெள்ளைக் கேன். தாமரைப்பொற்றை நகராட்சியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இடித்துப் புதிதாக்கப் போகிறார்கள், வரைபடம் போடுகிற சென்னைக் கம்பெனிக்கு நம் தண்ணீரின் மாதிரி வேண்டுமாம், நாளைக் காலைக்குள் பிடித்து வை என்று அப்போதிருந்த இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வகத்தில் நேசபாய்தான் உதவியாளர், அவளுக்கு மேல் ஒரு மர நாற்காலி மட்டும் இருந்தது. அதில் உட்கார வேண்டிய கெமிஸ்ட் பதினோரு வருடமாக வரவில்லை.

நம் தண்ணீர் என்றால் பெரியகாலில் வருகிற தண்ணீர், ஊர்ப் பேச்சில் வெள்ளம். வயலுக்குப் போகிற வாய்க்கால்தான், போகிற போக்கில் ஊருக்கும் குடிக்கக் கொடுக்கிறது. நேசபாய் கேனைத் தூக்கிக்கொண்டு கால் கரைக்குப் போன அன்று மேலே எல்லா வயலிலும் நடவுக்காகத் தொளி அடித்துக்கொண்டிருந்தார்கள். உழவுச் சேறு முழுவதும் இறங்கி, தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது. நடுவில் மூன்று எருமைகள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன. பளபளவென்று கழுவிய கேனையும் அந்தத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு மானம் போனது. நேராக ஃபில்டர் ஆபரேட்டர் சிவதாணுவிடம் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த வெள்ளத்தையா சென்னைக்குக் குடுத்து விடது? தெறந்து பாக்கவன் என்ன நெனைப்பான்?"

"என்ன நெனைப்பான்? நாஞ்சில் நாட்டுக்காரன் எருமை குளிச்ச வெள்ளத்தக் குடிச்சுட்டு சோக்குப் பேசுகான்னு நெனைப்பான்."

"அதத்தான் நானும் சொல்லுகேன். நம்ம கிணத்துலேருந்து ரெண்டு வாளி கோரித் தாங்க."

சிவதாணு வாளியை எடுத்தார். கோரிக் கொடுத்தார். முதல் வாளியைத் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு, தெளிந்த இரண்டாவது வாளியிலிருந்து நிறைத்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் நல்ல கிணற்று வெள்ளம்தான் கொடுப்போம், தூரத்து ஆளுக்குக் கொடுத்து அனுப்பும்போது மட்டும் சேற்றையா கொடுப்பது? அந்த நிலையத்தின் பின்பக்கத்துக் கிணறு அப்படிப்பட்டது. அறுபது வருடமாக ஊருக்குக் குடிநீர் செய்து அனுப்புகிறவர்கள் எல்லோரும் குடித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். தாங்கள் செய்வதைத் தாங்கள் குடிப்பதில்லை என்பதைப் பற்றி அங்கே யாரும் பேசியது கிடையாது. ஓட்டல்காரன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவதைப் போலத்தான் அதுவும்.

கேனின் மேல் ஒட்டிய தாளில் 'மாதிரி எடுத்தவர்: நே. நேசபாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துகூட அன்றைக்கு அழகாக வந்தது.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. மூலநீரின் கலங்கல் அளவு இரண்டு, மிகச் சிறந்த தரம் என்று அதில் இருந்தது. நகராட்சித் தலைவர் அதைக் கூட்டத்தில் உரக்க வாசித்து, நம் பெரியகால் தண்ணீர் பாட்டிலில் அடைத்து விற்கிற தண்ணீருக்குச் சமம் என்று முழங்கினார். எருமைகளின் சொந்தக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். நேசபாயும் தட்டினாள். அவள் பிடித்த தண்ணீரை அல்லவா புகழ்கிறார்கள்!

அந்த அறிக்கையை வைத்து ஒரு நிலையத்தையே வடிவமைப்பார்கள் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பழைய நிலையத்துக்காக யாரும் அழ வேண்டியதில்லை. வால்வைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், திருப்பிய வால்வு திரும்ப மூடுமா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். மணல் படுகையில் பாதி ஒழுகியது, மீதி அடைத்துக்கொண்டது. அதை இடித்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். நீல நிறப் பம்புகள் வந்தன, கண்ணாடி அறை வந்தது, சுவர் அகலத்துக்குத் திரை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக சென்சார் வந்தது. பேனா அளவுக்கு ஒரு கருவி, நீண்ட ஒயரில் கட்டி, கால் தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்தில் முக்கி வைக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று அது பார்க்கும், அதற்குத் தக்கபடி படிகாரத்தை இயந்திரமே கலக்கும். மண் அடியில் படியும், தெளிந்தது மேலே போகும். மனிதன் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம்.

தாங்க முடியாத கலங்கல் வந்தால் இயந்திரம் மடையை மூடிவிட்டு சென்னைக்குச் சேதி அனுப்பும். அங்கிருந்து அனுமதி வராமல் திறக்காது. அதற்குத் தாங்கக்கூடிய கலங்கல் பத்து. கேனில் இருந்தது இரண்டுதானே, பத்து என்பதே தாராளம் என்று வரைந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் சோதனை ஓட்டம். மேலே மழை, வயலில் மறுபடி தொளி. சென்சாரைக் காலில் இறக்கியதும் திரையில் முந்நூற்றுப் பத்து என்று வந்தது, மணி அலறியது, மடை மூடியது. சென்னைக்குச் சேதி போகிற இணைப்பு மட்டும் இன்னும் கொடுத்திருக்கவில்லை. கம்பெனி இன்ஜினியர் எபின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குளச்சல்காரன்தான், நல்லவன், கத்தாருக்கு விசா வந்து டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தான்.

"டிசைன்ல ரெண்டுன்னு கெடக்கு. இங்க முந்நூறு காட்டுது. எப்படி அக்கா இது?"

நேசபாய் தரையைப் பார்த்தாள். சிவதாணு கூரையைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, புதுக் கூரை.

மூன்று நாளில் திறப்பு விழா. புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர் லட்சுமிப்ரியாவுக்கு வேலை கிடைத்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அமைச்சர் பொத்தானை அழுத்தும்போது மணி அலறினால் தன் கதி என்ன என்று நினைத்து அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் எபின்தான் வழி சொன்னான்.

"விழா முடியது வரைக்கும் சென்சார ஒரு பக்கெட்டுல போட்டு வைப்போம் மேடம். நேசபாய் அக்கா, நல்ல தெளிஞ்ச வெள்ளமா ஒரு பக்கெட் கொண்டு வாங்க."

தெளிந்த வெள்ளத்துக்கு அவள் எங்கே போவாள்? கிணற்றுக்குத்தான் போனாள்.

சென்சாரை முக்கினார்கள். திரையில் எண் ஓடி ஓடி வந்து இரண்டில் நின்றது.

"ரெண்டு!" என்று எபின் துள்ளினான். "டிசைன்ல உள்ளது அப்படியே வருது பாத்தியளா! மெசின்ல ஒரு கொறையும் இல்ல."

உண்மையிலேயே மெசினில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கிணற்றுக்காகவே அளவெடுத்துத் தைத்த மெசின் அது. நேசபாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிவதாணு மட்டும் வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்தார்.

ஆனால் காலில் வருவது சேறுதான். பக்கெட்டை நம்பி இயந்திரம் சிட்டிகைப் படிகாரம் போட்டால் ஊருக்குச் சேறுதான் போகும். ஆகவே நேசபாய் பழையபடி ஆறு கண்ணாடிக் குவளைகளில் கால் தண்ணீரைப் பிடித்து, எந்தக் குவளை எத்தனை படிகாரத்தில் தெளிகிறது என்று பார்த்துச் சொன்னாள். சிவதாணு படிகாரக் கட்டியை உடைத்து டிரம்மில் கரைத்தார். இரண்டு பேருமாகக் கம்பால் கலக்கி ஊற்றினார்கள். தண்ணீர் தெளிந்து ஊருக்குப் போனது. திறப்பு விழாவில் 'மனிதக் கை படாத குடிநீர்' என்று எட்டடி நீளத்துக்கு ஒரு பலகை வைத்தார்கள். அமைச்சர் பொத்தானை அழுத்திய நேரத்தில், பலகைக்குப் பின்னால் நேசபாய் கையை முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு அடியில் ஒட்டிய கட்டியை இளக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எபின் கத்தாருக்குப் போனான். "நாளைக்கே எடுத்துக் கால்ல போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்த நாளை வரவே இல்லை. எடுத்துப் போட்டால் மணி அலறும், மடை மூடும், சென்னையிலிருந்து விளக்கம் கேட்பார்கள். மழை நின்றதும் எடுக்கலாம் என்றாள் லட்சுமிப்ரியா. மழை நின்றதும், அறுப்பு முடியட்டும் என்றாள். நாள் போகப் போக, இத்தனை நாள் பக்கெட்டில் ஏன் கிடந்தது என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். நேசபாய் தினமும் காலையில் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, புதுக் கிணற்றுத் தண்ணீர் நிறைத்து, கொசு விழாமல் வெள்ளைத் துணியால் மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கேன் ஞாபகம் வரும். சத்தம் தானாகக் குறைந்துவிடும்.

தானாக ஓடுகிற நிலையத்தில் முன்பைவிட இரண்டு மடங்கு வேலை. படிகாரம் தின்று நேசபாயின் உள்ளங்கை வெடித்தது. தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்வாள். அதையெல்லாம் அவள் பெரிதாக எண்ணவில்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போக முடிகிறதா, அது ஒன்று போதும் அவளுக்கு.

வீடு பொற்றைக் குன்றுக்குக் கீழே, நடந்து பத்து நிமிடம். அங்கே அவள் புருஷன் ராஜையன் கட்டிலில் கிடந்தார். ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். காலையில் இடது பக்கமாகப் படுக்க வைத்துவிட்டு வந்தால், மத்தியானம் போய்ப் புரட்டி விட வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகும். கஞ்சி கொடுக்க வேண்டும், துடைத்துவிட வேண்டும், தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மகன் ரெனிஷ் துபாயில் இருந்தான். பாசமான பிள்ளை, துபாய்க்குப் போன கடனுக்கே சம்பளம் சரியாகும், தினமும் வீடியோவில் அப்பாவைப் பார்ப்பான். வீடியோவில் யாரையும் புரட்டிப் படுக்க வைக்க முடியாது.

எட்டு மாதம் இப்படிப் போனது. சென்னையில் திரைகளைப் பார்க்கிறவர்கள் அசந்துபோனார்கள். மழைக்கும் வெயிலுக்கும் தாமரைப்பொற்றையின் கோடு இரண்டை விட்டு அசையவில்லை. மற்ற ஊர்க் கோடுகள் மலையும் பள்ளமுமாகக் கிடந்தன. ஆனி மாதம் உத்தரவு வந்தது, மாநிலத்தின் சிறந்த தானியங்கிக் குடிநீர் நிலையம் என்று விருது. லட்சுமிப்ரியா அதை வாசித்து முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, பிறகு வாசிக்காமல் நின்றாள்.

நிலையம் தானாகவே இத்தனை சிறப்பாக ஓடுவதால் அங்குள்ள பணியிடங்கள் உபரி ஆகின்றன. சிவதாணு குப்பை லாரிப் பிரிவுக்கு. நேசபாய் வடக்கே ஒரு நகராட்சிக்கு, பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். மாதக் கடைசியோடு இங்கிருந்து கிளம்ப வேண்டும்.

"நம்ம நல்லா வேல செஞ்சதுக்குத் தண்டனையாக்கும் இது," என்றார் சிவதாணு. "கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தா நம்மள வச்சிருந்திருப்பானுவோ."

ஒன்பது மணி நேரம் என்பதை நேசபாயின் மனம் பத்து நிமிடத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. போகாவிட்டால் வேலை போகும், இருவருக்கும் கஞ்சிக்கு வழி அதுதான். போனால் ராஜையனைப் புரட்ட ஆள் இல்லை. இந்த மெசின் தானாக ஓடவில்லை என்ற உண்மையைச் சொன்னால் இடமாற்றம் நின்றுவிடும். சொன்னால் கேன் வெளியே வரும், அப்போதும் வேலை போகும். எந்தப் பக்கம் படுத்தாலும் புண் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தீர்மானித்தாள். செய்தது தான், சொல்வதும் தானே. தண்டனை எதுவானாலும் ஊரிலேயே கிடைக்கட்டும்.

அடுத்த வாரம் விருதுக்கு முன் நிலையத்தைப் பார்வையிட நகராட்சித் துறை இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். பத்மநாபபுரம் அரண்மனையை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதால் கொஞ்சம் அவசரத்தில் இருந்தார். பக்கெட்டை மறைக்க லட்சுமிப்ரியா அதன் முன்னால் ஒரு பெரிய குரோட்டன்ஸ் தொட்டியை வைத்திருந்தாள். வந்தவருக்கு வழக்கம்போல நேசபாய் தம்ளரில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அடடா! இதுதான் நம்ம பிளான்ட் தண்ணியா?" என்று அவர் இன்னொரு தம்ளர் கேட்டார். நேசபாய் அதையும் கிணற்றிலிருந்தே கொடுத்தாள்.

அவர் குடித்து முடித்ததும் நேசபாய் முன்னால் வந்தாள்.

"சார், ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்குக் கேன்ல அனுப்புனது கால் வெள்ளம் இல்ல சார். இந்தா இந்தக் கிணத்து வெள்ளம். நாந்தான் நெறைச்சு விட்டேன். கால்ல வாறது சேறு. இந்த டிசைனே தப்பு சார்."

சிவதாணு நெற்றியில் கை வைத்தார். லட்சுமிப்ரியாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அடுத்த வார்த்தையில் பக்கெட் வந்துவிடும் என்று அவள் காத்து நின்றாள். நேசபாய் அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. அதுதான் பெரிய துயரம். பரிவோடு சிரித்தார்.

"உங்களுக்கு டிரான்ஸ்பர் போட்டிருக்கில்ல? புரியுதும்மா. ஆனா அதுக்காக இப்படியா சொல்றது? நீங்க சொல்ற மாதிரி டிசைன் தப்புன்னா, எட்டு மாசமா சென்சார் எப்படி ரெண்டு காட்டும்?" திரையைக் காட்டினார். அதில் இரண்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. "மனுஷங்க என்ன வேணா சொல்வாங்க. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அதற்கு நேசபாயிடம் பதில் இருந்தது. குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் துணி போட்டு மூடியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. இயக்குநர் அரண்மனைக்குப் போனார்.

கார் கிளம்பியதும் லட்சுமிப்ரியா நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். வெடித்த கையில் அது எரிந்தது.

"பக்கெட்ட சொல்லியிருந்தா உங்கள நம்பியிருப்பாரே அக்கா. ஏன் சொல்லல?"

"கேன் எனக்க தப்பு, அதச் சொன்னேன். பக்கெட் மூணு பேருக்க தப்பு. அத நான் மட்டும் சொல்லப்பிடாது மேடம்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியமாக ஒரு உண்மையைச் சொல்லி, அது பொய் என்று பதிவாகிவிட்டது. கேவலமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ராஜையனைப் புரட்டும்போது அழுதுவிட்டாள். அவர் முகம் சுவர்ப் பக்கமாக இருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. சிவதாணு காலையிலேயே தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். நேசபாய் வழக்கம்போலப் பக்கெட்டைக் கழுவக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. நாளைக்கு இதை யார் கழுவுவார்கள்? கழுவாவிட்டாலும் போகிறது, படிகாரம் யார் கலக்குவார்கள்? பக்கெட் இரண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மெசின் சிட்டிகை போட்டுக்கொண்டே இருக்கும், பெரியகால் அப்படியே ஊருக்குள் இறங்கும். ஊர் என்றால் யார்? பொற்றைக்குக் கீழே முதல் குழாய் அவள் வீட்டுக் குழாய்தான். நாளை ராஜையனுக்குத் தம்ளர் பிடிக்கப்போகிற கை எதுவோ, அதில் இருப்பது அந்தச் சேறாகத்தான் இருக்கும்.

பக்கெட்டை அங்கேயே கவிழ்த்து வைத்தாள். உள்ளே வந்து, சென்சாரை முந்தானையில் துடைத்து, ஒயரைச் சுருள் பிரித்தபடி மடைக்கு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லட்சுமிப்ரியா வந்து நின்றாள். நேசபாயின் கையைப் பார்த்தாள், கால் தண்ணீரைப் பார்த்தாள். தடுப்பாள் என்றுதான் நேசபாய் நினைத்தாள்.

"ஒயர் எட்டுமா அக்கா?" என்று கேட்டாள் லட்சுமிப்ரியா.

எட்டியது. திரையில் இரண்டு கலைந்து இருநூற்றுத் தொண்ணூறு என்று நின்றது. மணி அலறியது, மடை மூடியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்த மெசின் தன் வேலையைச் செய்தது.

உடனே சென்னையிலிருந்து போன். அப்படியொரு எண் அந்த ஊரில் வர வாய்ப்பே இல்லை, சென்சார் கெட்டுப்போய்விட்டது, ஆள் அனுப்புகிறோம், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார்கள். ஆள் வர இரண்டு நாள் ஆனது, அதுவரை லட்சுமிப்ரியா இரண்டு பேரையும் விடுவிக்கவில்லை. ஊரில் குழாய் காய்ந்தது. குடங்களோடு பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தக்கலைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றன.

வந்த டெக்னீசியன் பெயர் ஆன்ட்ரூஸ். இந்த மாவட்டத்துக்காரன்தான். மடைக்கு வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெரியகாலையும் எருமைகளையும் பார்த்தான்.

"சென்சார டெஸ்ட் பண்ணணும். தெளிஞ்ச வெள்ளமா ஒரு பக்கெட் கிட்டுமா அக்கா?"

நேசபாய் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கெட்டில் முக்கினான், இரண்டு. காலில் இறக்கினான், இருநூற்றுத் தொண்ணூறு. மறுபடி பக்கெட், மறுபடி இரண்டு. அதையெல்லாம் எழுதிக்கொண்டான்.

"கண்ணு இருக்கில்லியா தம்பி?" என்றார் சிவதாணு. "காலப் பாத்தா தெரியாதா, கெட்டது சென்சாரா வெள்ளமான்னு?"

"தெரியுது அண்ணாச்சி. ஆனா எனக்க கண்ணு ரிப்போர்ட்ல ஏறாது. டிசைன்ல ரெண்டுன்னு இருக்கு, எட்டு மாசத்து டேட்டாவும் ரெண்டு. அத எதுத்து நான் எழுதுனா எனக்குக் கிறுக்குன்னு சொல்லுவாவ." கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்து லட்சுமிப்ரியாவிடம் கொடுத்தான். 'சென்சார் பக்கெட்டில் சரியாக வேலை செய்கிறது. வாய்க்காலில் பழுது.'

அந்தத் தாள் சென்னைக்குப் போனது. சாலையில் உட்கார்ந்த குடங்களின் படம் அதற்கு முன்பே போயிருந்தது. சாயங்காலமே உத்தரவு வந்தது. புதிய சென்சார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நான்கு மாதமாகும். பழுது சரியாகும் வரை தாமரைப்பொற்றை நிலையத்தைக் கையால் இயக்க அனுமதிக்கப்படுகிறது. அதற்குத் தேவையான பணியாளர்களின் இடமாற்றம் அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. விருது விழா மட்டும் குறித்த தேதியில் நடக்கும்.

சிவதாணு வெற்றிலைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மறுபடி ஜன்னலில் வைத்தார்.

நான்கு மாதம் கழித்துப் புது சென்சார் வந்தது. காலில் இறக்கினார்கள், முந்நூறு காட்டியது. அதுவும் கெட்டுப்போனதாகவே வந்திருந்தது. மூன்றாவதற்கு எழுதியிருக்கிறார்கள்.

இப்போதும் பன்னிரண்டரைக்கு நேசபாய் டிரம்மை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, 'மனிதக் கை படாத குடிநீர்' பலகையைத் தாண்டி வீட்டுக்குப் போகிறாள். ராஜையனைப் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் உதட்டில் வைக்கிறாள். ஒரு நாள் அவர் குடித்துவிட்டு, குழறிக் குழறிக் கேட்டார்.

"ஏட்டி, அந்த மெசின்... நன்னாச்சா?"

நேசபாய் அவர் தாடையில் வழிந்ததை வெடித்த கையால் துடைத்தாள்.

"இல்ல. இன்னும் உள்ளதத்தான் சொல்லிட்டுக் கெடக்கு."